0.8 என்றால் என்ன, மச்சான்?

போன பெருநாள் லீவில், அலவத்துகொட டவுனில் நாங்கள் வழமையாகக் கூடுகிற தேத்தண்ணிக் கடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எங்கட செட்டில் ஒருவன், வயது பத்தொன்பது, ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறவன், பொக்கெட்டிலிருந்து ஒரு வேப்பை எடுத்து மேசையில் வைத்தான். பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் கறுத்துப்போன ஓர் உலோக உருளை.

"கொயில் கருகிட்டு மச்சான். புதுசு எடுக்கப் போனா 0.8 வேணுமா 1.2 வேணுமா எண்டு கேக்கிறாங்க. எது நல்லம்?"

மேசையில் ஏழு பேர் இருந்தோம். அதில் நாலு பேர் ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்கள். எவருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவன் "இலக்கம் கூடினா ஸ்ட்ரோங்கா இருக்கும்" என்றான். அது நேர் எதிர் என்று பிறகுதான் விளங்கியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம், "மல்லி, 0.8 தான் எல்லாரும் எடுக்கிறது" என்பது மட்டும்தானாம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எங்களுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. அவன் வேப் அடிக்கிறான் என்பது புதுச் செய்தி இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை நெஞ்சுக்குள் இழுக்கிற ஒரு பொருளின் மேல் எழுதியிருக்கும் ஒரேயொரு இலக்கத்துக்கு அர்த்தம் தெரியாமல் இருக்கிறோமே என்பதுதான் உறுத்தியது. அதனால் வாசிக்கத் தொடங்கினோம். வாசித்ததையும், வாசித்த பிறகு எங்களுக்கு வந்த அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறோம். எதை வாங்கலாம் என்று சொல்லுகிற ரிவியூ என்று நினைத்து வந்தவர்களும் கடைசிவரை வாசியுங்கள். உங்களுக்குத்தான் இது கூடப் பிரயோசனம்.

உம்மம்மா வீட்டுக் கொயில் அடுப்பு

எங்கட வீடுகளில் முந்தி ஓர் அடுப்பு இருந்தது. வட்டமான களிமண் தட்டு, அதில் பாம்பு மாதிரி வளைந்து போகிற குழி, குழிக்குள் சுருள் கம்பி. பிளக்கைக் குத்தினால் கம்பி சிவக்கும். இந்தக் கம்பி பெரும்பாலும் நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். வேப்புக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். அளவு மட்டும் சின்னது.

அந்த அடுப்பில் கம்பி அறுந்தால் என்ன செய்வார்கள்? அறுந்த இரண்டு நுனியையும் இழுத்து முறுக்கி விடுவார்கள். அடுப்பு மறுபடி வேலை செய்யும். ஆனால் முந்தியைவிடக் கூடச் சிவக்கும், கெதியில் மறுபடி அறும். ஏன்? முறுக்கும்போது கம்பியின் நீளம் குறைந்துவிட்டது. நீளம் குறைந்தால் தடை குறையும். வீட்டு மின்சாரம் அதே 230 வோல்ற்றுத்தான், ஆகவே தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். 1000 வாற்று அடுப்பொன்றின் தடை ஏறக்குறைய 53 ஓம். கம்பியில் பத்தில் ஒரு பங்கு போனால் அது 1100 வாற்றைத் தாண்டிவிடும்.

இதுதான் சாதாரண தரத்தில் நாங்கள் பாடமாக்கிய ஓமின் விதி. வோல்ற்றளவை வர்க்கித்துத் தடையால் பிரித்தால் வலு. பரீட்சையில் எல்லாரும் சரியாகப் போட்டோம். வாழ்க்கையில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இப்போது 0.8க்கு வருவோம். அது கொயிலின் தடை, ஓமில். வேப்பின் லித்தியம் பெட்டரி சாதாரணமாக 3.7 வோல்ற்று. மின்சுற்று எதையும் கூட்டிக் குறைக்காமல் அப்படியே கொடுத்தால், 1.2 ஓம் கொயிலில் 11 வாற்று அளவு வரும். 0.8 ஓமில் 17. 0.2 ஓமில் 68. இலக்கம் இறங்க இறங்கச் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் ஒரு இழுவைக்கு ஆவியாகிற திரவம் கூடுகிறது, புகை கூடுகிறது, அதோடு உள்ளே போகிற நிக்கொட்டினும் கூடுகிறது. கடைக்காரரின் "0.8 தான் எல்லாரும் எடுக்கிறது" என்ற பதிலுக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது.

1 ஓமுக்கு மேல் உள்ளவை சிகரெட் மாதிரி வாயில் இழுத்து வைத்துப் பிறகு நெஞ்சுக்கு எடுக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. 1 ஓமுக்குக் கீழே போகப் போக, நேரே நெஞ்சுக்கு இழுத்துப் பெரிய மேகம் விடுகிற ரகம். யூடியூபில் பார்க்கிற வளையம் விடும் வித்தையெல்லாம் இந்த இரண்டாவது ரகத்தில்தான். 0.8 நடுவில் நிற்கிற ஒன்று.

உருளைக்குள் என்ன இருக்கிறது

அவன் மேசையில் வைத்த கருகிய கொயிலை நாங்கள் குறடால் பிரித்துப் பார்த்தோம். வெளியே உருக்கு உறை, அதில் இரண்டு சின்ன ஓட்டை. உள்ளே பஞ்சு. பஞ்சின் நடுவில் கம்பி. சிலதில் சுருள் கம்பிக்குப் பதிலாக வலை மாதிரியான தகடு இருக்கும், அதைத்தான் மெஷ் என்கிறார்கள். மெஷ்ஷின் பரப்பு கூட, ஆகவே சூடு ஒரே இடத்தில் குவியாமல் பரவும். சுவை ஒரே சீராக வரும். அதே காரணத்தால் திரவமும் கெதியில் முடியும்.

வேலை நடக்கிற விதம் குத்துவிளக்குத் திரி மாதிரித்தான். ஓட்டை வழியாகத் திரவம் பஞ்சுக்குள் ஊறும், கம்பி சுட்டு அதை ஆவியாக்கும், நீங்கள் இழுப்பீர்கள். இதில் ஒரு பந்தயம் இருக்கிறது. கம்பி காய்கிற வேகத்தைவிடப் பஞ்சு ஊறுகிற வேகம் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு காய்ந்து கருகும். தொண்டையைச் சுடுகிற அந்தக் கருகல் இழுவையை வேப் அடிக்கிற எல்லாரும் ஒருமுறையாவது அனுபவித்திருப்பார்கள்.

திரவத்தில் முக்கியமாக இரண்டு சாமான். ஒன்று புரொப்பிலீன் கிளைக்கோல், தண்ணி மாதிரி ஓடும், 188 பாகையில் கொதிக்கும். மற்றது கிளிசரின், தேன் மாதிரித் தடிப்பு, 290 பாகையில் கொதிக்கும். கிளிசரின் கூடின தடித்த திரவத்தைச் சின்ன ஓட்டையுள்ள 1.2 ஓம் கொயிலுக்குள் ஊற்றினால் ஊறாது, பஞ்சு கருகும். மெல்லிய திரவத்தைப் பெரிய ஓட்டைக் கொயிலுக்குள் ஊற்றினால் வாய்க்குள் ஒழுகும். புதுக் கொயிலில் பஞ்சு முழுக்க நனையும்வரை பொறுக்காமல் இழுத்தால், முதல் இழுவையிலேயே அது முடிந்தது.

கருகல் வெறும் சுவைப் பிரச்சினை இல்லை. சட்டியில் எண்ணெய் கருகும்போது கண்ணை எரிக்கிற ஒரு நெடி வருமே, அதில் இருப்பது அக்ரோலீன். கிளிசரின் அளவுக்கு மிஞ்சிச் சூடானாலும் அதுதான் வரும். கூடவே ஃபோர்மல்டிஹைட்டும் வரும், ஆய்வுகூடத்தில் பிரேதம் பழுதாகாமல் வைக்கிற அதே ஃபோர்மலின் குடும்பம். 2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே வேப்பை இரண்டு வோல்ற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். 3.3 வோல்ற்றில் ஃபோர்மல்டிஹைட்டை வெளிவிடும் சேர்வைகள் அகப்படவில்லை, 5 வோல்ற்றில் அகப்பட்டன. அவ்வளவு சூட்டில் எந்த மனிசனும் இழுக்க மாட்டான், கருகல் தாங்காது என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு: கருவியும் திரவமும் ஒன்றாக இருந்தாலும், சூடு மாறினால் நெஞ்சுக்குள் போகிற சாமான் மாறுகிறது.

அடுத்தது கம்பி. கந்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. நிக்ரோம் மேலே சொன்னது. உருக்குக் கம்பியும் உண்டு. தனி நிக்கல், டைட்டேனியம் கம்பிகளும் உண்டு. இவை இரண்டும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிற மின்சுற்று உள்ள கருவிகளுக்கு மட்டும், சாதாரண வாற்று முறையில் போடவே கூடாதவை. 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் வேப் அடிக்கிற 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். போத்தலில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் கொயிலைத் தொட்டு ஆவியாகி வரும்போது ஈயம், நிக்கல், குரோமியம், மங்கனீசு கூடியிருந்தன. போத்தலைப் பார்த்து "இதுல ஒண்டும் இல்ல, ஃபுட் கிரேட்" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். சாப்பிடலாம் என்பது வேறு, சுட்டு மூச்சோடு இழுக்கலாம் என்பது வேறு.

இரண்டு இலக்கமும் சேர்ந்தால்தான் கணக்கு

கொயிலின் இலக்கத்தை மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை. போத்தலில் இன்னொரு இலக்கம் இருக்கிறது: ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் நிக்கொட்டின். 3, 6, 12, 20, 35, 50 என்று வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாததுதான் எங்கட பெடியன்மாரின் பெரிய பிழை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1.2 ஓம் கொயிலில் ஒருவர் ஒரு நாளைக்கு 2 மில்லிலீற்றர் முடிக்கிறார், திரவம் 20 மில்லிகிராம். மொத்தம் 40. இன்னொருவர் 0.2 ஓமில் பெரிய மேகம் விட்டு 10 மில்லிலீற்றர் முடிக்கிறார், திரவம் 3 மில்லிகிராம். மொத்தம் 30. ஏறக்குறைய ஒரே அளவு. இப்போது இரண்டாமவர் கையில் 50 மில்லிகிராம் போத்தல் அகப்பட்டால்? 500. தலைசுற்றல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வருவதற்கு இது தாராளம்.

முந்தியென்றால் 50 மில்லிகிராமைத் தொண்டை தாங்காது, இருமல் வந்து உடம்பே நிறுத்திவிடும். 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினால் காரம் தெரியாது, எவ்வளவு கடுமையான திரவமும் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைக்குக் கடைகளில் "சோல்ட்" என்று விற்கிறது இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே முடியாது. எங்கட ஊருக்கு வருகிற போத்தல்களில் 35உம் 50உம் சர்வசாதாரணம். எங்கட தம்பிமார் பழம், ஐஸ், மாம்பழச் சுவை என்று பார்க்கிறார்கள். அந்த இலக்கத்தைப் பார்ப்பதில்லை.

பெட்டரி விளையாட்டு

இதை அவசியம் சொல்ல வேண்டும். மின்சுற்று எதுவும் இல்லாத, பட்டனை அமத்தினால் பெட்டரியும் கொயிலும் நேரே இணைகிற குழாய்கள் உண்டு. மெக் மொட் என்பார்கள். முழுசா சார்ஜ் பண்ணின பெட்டரி 4.2 வோல்ற்று. 0.2 ஓம் கொயிலில் 21 அம்பியர் ஓடும். 0.1 ஓமில் 42. நல்ல தரமான 18650 பெட்டரிகளே 20, 25 அம்பியர் அளவில் மூச்சு வாங்கும். பழைய லெப்டொப் பெட்டரியைப் பிரித்து எடுக்கிற 18650கள் இந்த வேலைக்குச் செய்யப்பட்டவையே இல்லை, அதில் கால்வாசியைக்கூடப் பாதுகாப்பாகத் தராது. "ரிப்பெயார் கடையில சும்மா கிடந்திச்சு மச்சான்" என்று அதை எடுத்துப் போடுகிறவர்கள், மூஞ்சிக்கு ஒரு சாண் தூரத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

யாருடைய தெரிவு?

இவ்வளவும் வாசித்த பிறகு, கொயில் தெரிவு செய்வது பற்றி எங்களுக்கு வந்த முதல் அபிப்பிராயம் இது: கடையில் எங்களிடம் கேட்கப்படுகிற கேள்வி, உண்மையான கேள்விக்குப் பிறகு வருகிற கேள்வி. 0.8ஆ 1.2ஆ, மெஷ்ஷா சுருளா, மாம்பழமா கொடிமுந்திரியா என்று இருபது தெரிவு தருகிறார்கள். வேணுமா வேண்டாமா என்ற தெரிவை மட்டும் ஒருவரும் தருவதில்லை. இருபது தெரிவுக்குள் நிற்கும்போது சுதந்திரமாக இருக்கிற மாதிரித்தான் தோன்றும்.

கொயில் என்பது தேய்ந்து போவதற்கென்றே செய்த சாமான். ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. இனிப்பு கூடின திரவம் என்றால் இன்னும் கெதி. கொயிலில் படிகிற அந்தக் கறுப்பு, பாணிச் சட்டியின் அடியில் பிடிக்கிற மாதிரிக் கருகின இனிப்புத்தான். ஆக கருவியை ஒருமுறை வாங்குகிறவன், கொயிலுக்காக மாதத்துக்கு மூன்று தரம் அதே கடைக்குப் போகிறான். "சிகரெட் ஒண்டு நூறு ரூவாக்கு மேல, இது லாபம்" என்று சொன்ன எங்கட நண்பனிடம் மூன்று மாதக் கணக்கை எழுதச் சொன்னோம். கருவி, கொயில், போத்தல் எல்லாம் கூட்டினான். பிறகு கடதாசியை மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டான். அவன் முந்தி சிகரெட் அடித்தவனே இல்லை. இல்லாத செலவில் என்ன லாபம்?

சட்டத்தைப் பார்ப்போம். எங்கட நாட்டில் 2006இன் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபை இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். 2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கிறது. "இதுல புகையிலை இல்ல, வெறும் லிக்விட்" என்று கடைகளில் சொல்கிறார்களே, அந்த வசனம் சும்மா வந்ததில்லை. நிக்கொட்டின் எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் 2019இல் வந்த சட்டம் இன்னும் கடுமை: விற்பது மட்டுமில்லை, களஞ்சியப்படுத்துவதும் குற்றம், விற்றால் முதல் தடவைக்கே ஒரு வருடம்வரை சிறை அல்லது ஒரு இலட்சம் இந்திய ரூபாவரை தண்டம், சிலவேளை இரண்டும். சென்னைக்குக் கலியாணச் சாமான் எடுக்கப் போகிறவர்கள் ஞாபகம் வைத்திருங்கள்.

சட்டம் இருக்கிறது, சாமானும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்படுகிறவன்தான் பாவம். சிகரெட் பெட்டியில் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கிறது, செய்தவன் யார் என்று தெரியும். சூட்கேஸில் வந்த கொயிலில் எழுதியிருக்கிற 0.8 உண்மையிலேயே 0.8தானா, கம்பி என்ன உலோகம், போத்தலில் எழுதின 35 உண்மையிலேயே 35தானா என்று சோதித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. 2019இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பழுதாகி 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள், அதில் மரணம் 68. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கொயில் இல்லை. கஞ்சாச் சத்து உள்ள, ஊர் பேர் தெரியாத ஆட்களிடம் வாங்கிய திரவத்தில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று. அதை இங்கே சொல்வது பயம் காட்ட இல்லை. எங்கே வாங்கினோம், உள்ளே என்ன என்று தெரியாததுதான் அங்கே ஆளைக் கொன்றது என்பதற்காக.

இரண்டு பேர்

எங்கட அபிப்பிராயம் முழுசா வெள்ளை கறுப்பு இல்லை. அதற்குக் காரணம் எங்களுக்குத் தெரிந்த இன்னொருவர். எங்களில் ஒருவரின் மாமா. லொறி ஓடுகிறவர். இருபது வருஷமாக நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். மாமியும் பிள்ளைகளும் கெஞ்சிப் பார்த்தாயிற்று, நோன்பு முப்பது நாளும் பகலில் விட்டவர் இஃப்தாரோடு மறுபடி தொடங்குவார். அவர் ஒரு வேப்பைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டை விட்டார். எட்டு மாதத்தில் வேப்பையும் விட்டார். தற்செயலாகவோ என்னவோ, அவர் வைத்திருந்தது 1.2 ஓம் சின்னப் பொட். போத்தல் 20இல் தொடங்கி, 12, 6, 3 என்று இறக்கினார்.

இதற்கு ஆதாரமும் உண்டு. உலகத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பு, நிக்கொட்டின் உள்ள வேப் சிகரெட்டை விட உதவுகிறது, நிக்கொட்டின் பசை, சுவிங்கத்தைவிடக் கூட உதவுகிறது என்று சொல்கிறது. பிரித்தானிய மருத்துவர்கள் பலகாலமாக இதே பக்கம். உலக சுகாதார நிறுவனமோ 2023 டிசெம்பரில், பிள்ளைகளைக் காப்பாற்ற நாடுகள் அவசரமாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டது. அதே பிரித்தானியாவே 2025 ஜூன் 1ஆம் திகதியிலிருந்து ஒருமுறை பாவித்து எறிகிற வேப்பை விற்கத் தடை போட்டது. எங்களுக்கு இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் மாமாவைப் பற்றிப் பேசுகிறது, மற்றப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் இருந்த எங்கட நண்பனைப் பற்றிப் பேசுகிறது. மாமா எரிகிற வீட்டிலிருந்து ஜன்னலால் பாய்ந்தவர். நண்பன் சும்மா நின்றவன், ஜன்னல் வடிவாக இருக்கிறதென்று ஏறியவன்.

ஆகவே எங்கட பதில் இதுதான். சிகரெட் அடிக்காதவனுக்கு நல்ல கொயில் என்று ஒன்று இல்லை. 0.8உம் இல்லை, 1.2உம் இல்லை. இதில் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லை.

சிகரெட்டை விடத்தான் இதைப் பிடிக்கிறேன் என்கிற பெரியவர்களுக்கு, முதலில் ஒரு டொக்டரிடம் கதையுங்கள் என்போம். பசை, சுவிங்கம் என்று சோதித்த வழிகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் இதுதான் என்றால், மின்சுற்று உள்ள சின்னக் கருவி, 1 ஓமுக்கு மேற்பட்ட கொயில், அந்தக் கொயிலில் எழுதியிருக்கிற வாற்று எல்லைக்குள், கீழ்ப் பக்கத்தில். கருகல் வந்தால் "இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்" என்று இழுக்காமல் அன்றைக்கே கழற்றி எறியுங்கள். உப்புத் திரவத்தைப் பெரிய மேகக் கொயிலில் போடாதீர்கள். போத்தலின் இலக்கம் மாதத்துக்கு மாதம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் நீங்கள் விடவில்லை, கடை மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக எங்கட பெரியவர்களுக்கும் ஆசிரியர்மாருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலையில் பேக்கைச் சோதித்துப் பறிக்கிறீர்கள், மேடையில் "போதைப்பொருள்" என்று சத்தம் போடுகிறீர்கள். கோபம் விளங்குகிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது சொல்லித் தந்தீர்களா? ஓமின் விதி படிப்பிக்கிற அதே வகுப்பில், கரும்பலகையில் ஒரு கொயிலைக் கீறி, 0.2 ஓம் என்றால் எத்தனை அம்பியர், எத்தனை வாற்று, பஞ்சு காய்ந்தால் என்ன வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் பதினைந்து நிமிஷம் போதும். கூடாது என்று மட்டும் சொன்னால் பெடியன்மார் ஒளித்து அடிப்பார்கள். ஏன் என்று விளங்கினால் யோசிக்கவாவது செய்வார்கள். நாங்கள் யோசித்தோம்.

எங்கட நண்பன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். பெரிய மனமாற்றம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் விட்டான், நாலாம் நாள் தலையிடி தாங்காமல் மறுபடி எடுத்தான். விட முடியாமல் போனது அவனுக்கே அதிர்ச்சி. "நான் அடிக்ட் இல்ல எண்டுதானே மச்சான் நெனச்சன்" என்றான். இப்போது போத்தல் 35இலிருந்து 12க்கு வந்திருக்கிறது. இலக்கத்தை வாசிக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதைக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறோம், வருகிற கிழமை வருகிறேன் என்கிறான். வராவிட்டால் அதற்கடுத்த கிழமையும் கூப்பிடுவோம்.

புதுக் கொயில் வாங்க அவன் அன்றைக்குப் போகவில்லை. அந்தக் கருகின கொயில் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பிரித்த பாகங்களை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறோம். யாராவது தம்பிமார் "எது நல்லம்?" என்று கேட்டு வந்தால், முதலில் அதைத் திறந்து காட்டுகிறோம்.